நாளுக்கு 25 டாலர், செலவு தனி: உங்களுக்குத் தெரியுமா?

மாளிகையில் ஒரு கொலை. விருந்தினர்களை எல்லாம் கூடத்தில் உட்காரவைத்து, கடைசி அத்தியாயத்தில் கொலையாளியைச் சுட்டிக்காட்டுவார் ஒரு மேதை. இது இங்கிலாந்துப் பாணி. அமெரிக்க நகரத்துப் பாணி வேறு. வாடகை பாக்கி நிற்கும் அலுவலகம், மேசை இழுப்பறையில் விஸ்கி, கதவைத் தட்டி உள்ளே வந்ததுமே பொய் சொல்லத் தொடங்கும் கட்சிக்காரர். முதல் வகையில் மர்மம் அவிழ்ந்தால் உலகம் சீராகிவிடும். இரண்டாவதில் கொலையாளி சிக்கிய பிறகும் ஊர் மாறாது. நூறு ஆண்டுகளாக வாசகர்களை இந்தக் கதைகள் பக்கம் இழுப்பது இந்த நேர்மைதான். அந்த உலகத்திலிருந்து சில துணுக்குகள்.

கூலியும் கொள்கையும்

● ரேமண்ட் சாண்ட்லரின் பிலிப் மார்லோ 1939-இல் 'தி பிக் ஸ்லீப்' நாவலில் அறிமுகமானபோது கேட்ட கூலி நாளொன்றுக்கு 25 டாலர், செலவு தனி. எதிரே இருந்தவரோ எண்ணெய்க் கிணறுகளால் கோடீஸ்வரரான ஜெனரல். பணக்கார வீட்டு அழுக்கைத் துடைக்க வந்த தினக்கூலி ஆள் காலையில் மாளிகைக்குப் போவார், மாலையில் மூட்டைப்பூச்சி விடுதிக்கும் போவார். நகரத்தின் இரண்டு முனைகளையும் ஒரே நாளில் பார்க்கிற வேலை இது. போலீஸ்காரருக்கே அந்த வாய்ப்பு குறைவு.

● 1953-இல் வந்த 'தி லாங் குட்பை' நாவலில் மார்லோவுக்குத் தபாலில் ஒரு 5,000 டாலர் நோட்டு வருகிறது. அப்படி ஒரு நோட்டு அன்று உண்மையிலேயே புழக்கத்தில் இருந்தது, ஜேம்ஸ் மேடிசன் படத்துடன். 25 டாலர் கணக்கில் 200 நாள் கூலி! செய்த வேலைக்கு வந்த காசு இல்லை என்று தோன்றியதால் மார்லோ அதைச் செலவழிக்கவே இல்லை. கடைசியில் அனுப்பியவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

● மார்லோ விவாகரத்து வழக்குகளைத் தொடமாட்டார். நிஜ உலகில் தனியார் துப்பறிவாளர்களுக்குச் சோறு போட்டது அதுதான். கணவனோ மனைவியோ தவறு செய்ததாக நிரூபித்தால்தான் மணமுறிவு என்று சட்டம் இருந்ததால், ஜன்னல் வழியே படம் பிடிக்க ஆள் தேவைப்பட்டது. யார் தவறு என்று நிரூபிக்காமலே பிரியலாம் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த மாநிலம் கலிஃபோர்னியா. 1969-இல் அதில் கையெழுத்திட்ட ஆளுநர் பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். 1970-இல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் துப்பறிவாளர்களின் பெரிய வருமான வழி ஒன்று அடைபட்டது.

● லாரன்ஸ் பிளாக்கின் நியூயார்க் நாயகன் மேத்யூ ஸ்கட்டர் உரிமம் இல்லாத துப்பறிவாளர், முன்னாள் போலீஸ், குடிநோயாளி. பெரிய கடவுள் பக்தியும் கிடையாது. ஆனால் கைக்கு வரும் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை, வழியில் எந்தத் தேவாலயம் தென்படுகிறதோ அதன் உண்டியலில் போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

● வால்டர் மோஸ்லியின் ஈஸி ராலின்ஸ் துப்பறியக் கிளம்பியது வீட்டுக் கடனால்! 1990-இல் வெளிவந்த 'டெவில் இன் எ புளூ டிரஸ்' 1948-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் நடக்கிறது. விமானத் தொழிற்சாலை வேலை போய்விட்டது, வீட்டுத் தவணை கட்டவேண்டும். கறுப்பினத்தவரான அவருக்கு அந்தச் சிறு வீடுதான் மானம். வெள்ளைக்காரத் துப்பறிவாளர் கால் வைக்கமுடியாத மதுக்கூடங்களுக்குள் இவரால் போகமுடியும் என்பதால்தான் வேலை இவரைத் தேடி வருகிறது. 1992-இல் பில் கிளின்டன் தனக்குப் பிடித்த எழுத்தாளர்களில் மோஸ்லியும் ஒருவர் என்று சொன்ன பிறகு அவர் புகழ் பல மடங்கானது.

● 1974 முதல் 1980 வரை தொலைக்காட்சியில் ஓடிய 'தி ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்' தொடரின் நாயகன் ஜிம் ராக்ஃபோர்டின் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலர். குடியிருப்பது மாலிபு கடற்கரையோரம் ஒரு டிரெய்லர் வண்டியில். கூலி எட்டு மடங்கு ஏறியும் துப்பறிவாளருக்கு வீடு வாங்க முடியவில்லை!

மலிவுத் தாளில் பிறந்தவர்கள்

● இந்த வகைக் கதைகளின் தாய்வீடு 'பிளாக் மாஸ்க்' என்ற மாத இதழ். 1920-இல் அதைத் தொடங்கிய எச்.எல். மென்கனுக்கும் ஜார்ஜ் ஜீன் நேதனுக்கும் துப்பறியும் கதைகளில் துளியும் மரியாதை இல்லை. தங்கள் இலக்கிய இதழான 'தி ஸ்மார்ட் செட்' நஷ்டத்தில் ஓடியது, அதை ஈடுகட்டக் காசு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 500 டாலர் முதலீட்டில் ஆரம்பித்து, எட்டே இதழ்களுக்குப் பிறகு 12,500 டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

● முதல் முரட்டுத் துப்பறிவாளரைப் படைத்தவர் டேஷியல் ஹாமெட் என்று பலர் நினைக்கிறார்கள். சில மாதங்கள் முந்திக்கொண்டவர் கரோல் ஜான் டேலி. 1923 மே மாதம் அவருடைய 'த்ரீ கன் டெர்ரி' பிளாக் மாஸ்க்கில் வந்தது. அடுத்த மாதமே அவருடைய ரேஸ் வில்லியம்ஸ் அறிமுகம். அந்த முதல் கதையில் ரேஸ் வில்லியம்ஸ் மோதிய எதிரி யார் தெரியுமா? அன்று அமெரிக்கா முழுக்கச் செல்வாக்கோடு இருந்த நிறவெறி அமைப்பு, கூ கிளக்ஸ் கிளான்.

● மதுவிலக்கு இல்லாவிட்டால் இந்தக் கதைகளும் இல்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்கச் சாராயம் விற்பது குற்றம். விற்பனை நிற்கவில்லை, விற்கும் கை மாறியது. கள்ளச் சாராயப் பணம் போலீஸ் நிலையம் வரைக்கும், நகரசபை வரைக்கும் பாய்ந்தது. புகார் கொடுக்கப் போனால் குற்றவாளியின் கூட்டாளியிடமே கொடுக்கவேண்டிய நிலை. போலீஸிலும் சேராத, ரவுடியிடமும் சேராத மூன்றாவது ஆள் ஒருவர் கதைக்குத் தேவைப்பட்டார்.

● 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். வாசகரிடம் எந்தத் தடயத்தையும் மறைக்கக்கூடாது, ஒன்றுக்கு மேற்பட்ட ரகசியப் பாதை கூடாது என்றெல்லாம் போகும் பட்டியல். அதே ஆண்டு ஹாமெட்டின் 'ரெட் ஹார்வெஸ்ட்' புத்தகமாக வந்தது. அதில் ஒரு சுரங்க நகரத்து ரவுடிக் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார் துப்பறிவாளர். பிணங்களின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ண முடியாது. தனக்கே கொலைவெறி தொற்றிக்கொண்டதோ என்று கடைசியில் அவரே பயப்படுகிறார். கட்டளைகளைக் கேட்கும் ஊர் இல்லை அது.

● சாண்ட்லர் முதலில் எண்ணெய் நிறுவன அதிகாரி. குடியாலும் வேலைக்கு மட்டம் போட்டதாலும் 1932-இல் வேலை போனது. பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலம், வயது 44. மலிவு இதழ்களைப் படித்துப் பார்த்தவர் நாமும் எழுதலாமே என்று உட்கார்ந்தார். 18,000 சொற்களில் முதல் கதை எழுத 5 மாதம் ஆனது. சொல்லுக்கு ஒரு சென்ட் கணக்கில் கிடைத்தது 180 டாலர். 1933 டிசம்பரில் அது பிளாக் மாஸ்க்கில் வெளிவந்தது.

● லாஸ் ஏஞ்சலஸின் குரலாகக் கொண்டாடப்படும் சாண்ட்லர் படித்தது லண்டனின் டல்விச் கல்லூரியில், லத்தீனும் கிரேக்கமும். சிகாகோவில் பிறந்திருந்தாலும் வளர்ந்தது இங்கிலாந்தில். அமெரிக்கத் தெருப் பேச்சை அவர் பெரியவரான பிறகுதான் காதில் வாங்கி, நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டார். உள்ளூர்க்காரருக்குப் பழகிப்போன பேச்சு அவருக்குப் புதுசாக ஒலித்தது. அந்தப் புதுமைதான் நடையில் தெறிக்கிறது.

● தத்துவ மேதை லுட்விக் விட்கன்ஸ்டைன் இந்த மலிவு இதழ்களின் தீவிர வாசகர்! இங்கிலாந்தில் கிடைக்காதபோது அமெரிக்க நண்பர் நார்மன் மால்கம் அனுப்பிவைப்பார். நார்பர்ட் டேவிஸ் எழுதிய ஒரு நாவல் அவருக்கு அவ்வளவு பிடித்துப்போய், எழுதியவருக்கு நன்றி சொல்லவேண்டும், விசாரித்துச் சொல் என்று 1948-இல் மால்கமுக்கே கடிதம் எழுதினார். அந்த டேவிஸ் அப்போது பணமில்லாமல் சாண்ட்லரிடம் கடன் கேட்கும் நிலையில் இருந்தார். 1949-இல் தற்கொலை செய்துகொண்டார்.

● மிக்கி ஸ்பிலேன் 1947-இல் 'ஐ, தி ஜூரி' எழுதியது வீடு கட்டப் பணம் புரட்டுவதற்காக. கெட்டி அட்டைப் பதிப்பு சுமாராகத்தான் போனது. மலிவுப் பதிப்பு லட்சக்கணக்கில் பறந்தது. பின்னாளில் 1963-இல் 'தி கேர்ள் ஹண்டர்ஸ்' படத்தில் தன் நாயகன் மைக் ஹாமராகத் தானே நடித்தார். சொந்தக் கதாபாத்திரத்தைத் திரையில் தாமே ஏற்று நடித்த துப்பறியும் எழுத்தாளர்கள் மிகச் சிலர்தான்.

நிஜ ஆட்கள்

● உலகின் முதல் தனியார் துப்பறியும் அலுவலகம் எனப் பலரும் குறிப்பிடுவது 1833-இல் பாரிஸில் தொடங்கியதை. நடத்தியவர் யூஜின் ஃபிரான்சுவா விடோக், பலமுறை சிறையிலிருந்து தப்பிய முன்னாள் கைதி! அதற்கு முன் பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவுக்கே தலைவராக இருந்தவர்.

● 1856-இல் சிகாகோவில் ஆலன் பிங்கர்ட்டனின் நிறுவனத்துக்கு வேலை கேட்டு வந்த கேட் வார்னைப் பார்த்ததும், எழுத்தர் வேலைக்கு வந்திருக்கிறார் என்றுதான் பிங்கர்ட்டன் நினைத்தார். ஆண்கள் நுழைய முடியாத இடங்களில் பெண்ணால் நுழையமுடியும் என்று வாதாடி வேலையை வாங்கினார் கேட். 1861-இல் லிங்கனைக் கொல்லச் சதி நடப்பதாகத் தெரிந்தபோது, நோயாளித் தம்பியை அழைத்துப்போகும் அக்காவாக நடித்து, அவரை இரவு ரயிலில் பால்டிமோர் வழியே பத்திரமாக வாஷிங்டன் சேர்த்தவர்களில் இவரும் ஒருவர்.

● ஹாமெட் கற்பனையில் மட்டும் துப்பறிந்தவர் அல்ல. 1915 முதல் 1922 வரை, நடுவில் ராணுவத்துக்குப் போன காலம் நீங்கலாக, பிங்கர்ட்டன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காசநோய் வந்து உடம்பு ஒத்துழைக்காததால்தான் பேனாவைப் பிடித்தார். அவருடைய புகழ்பெற்ற துப்பறிவாளர் 'கான்டினென்டல்' நிறுவனத்தின் ஊழியர். பால்டிமோரில் ஹாமெட் வேலை செய்த அலுவலகம் இருந்த கட்டடத்தின் பெயரும் அதுவே. அந்தத் துப்பறிவாளர் குள்ளம், குண்டு, நடுவயது. கதைகள் பல வந்தும் அவருக்குக் கடைசிவரை பெயர் கிடையாது.

● 1923-இல் ஹாமெட் தன் வேலை அனுபவங்களை எண்ணிட்ட துணுக்குகளாக 'ஸ்மார்ட் செட்' இதழில் எழுதினார். அதில் ஒன்று: ராட்டினத்தையே திருடிய ஆள் ஒருவரை அவருக்குத் தெரியுமாம். இன்னொன்று: ஹாமெட் ரகசியமாகப் பின்தொடர்ந்துபோன ஆள் ஊருக்கு வெளியே வழி தவறிவிட, ஹாமெட்டே வழிசொல்லி நகரத்துக்கு அனுப்பிவைத்தாராம்!

● 'ரெட் ஹார்வெஸ்ட்' ஊருக்கு மாதிரி மொன்டானா மாநிலத்தின் பியூட் என்ற தாமிரச் சுரங்க நகரம். 1917 ஆகஸ்டில் அங்கே ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவரை முகமூடி ஆட்கள் இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டார்கள். அவரைக் கொல்ல 5,000 டாலர் தருவதாகத் தன்னிடமே பேரம் பேசப்பட்டது என்று ஹாமெட் சொன்னதாக, அவருடைய நெடுநாள் துணைவி லில்லியன் ஹெல்மன் எழுதியிருக்கிறார். முதலாளிகளுக்காகத் தொழிலாளர்களை வேவு பார்ப்பது பிங்கர்ட்டன் ஆட்களின் அன்றாட வேலை. ஹாமெட் இடதுசாரியானதன் பின்னணி இங்கே புரியும்.

● 1951-இல் ஹாமெட்டே சிறைக்குப் போனார். ஜாமீன் நிதி ஒன்றுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி நீதிமன்றம் கேட்டது. வாயைத் திறக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சுமார் 5 மாதம் உள்ளே இருந்தார். கட்சிக்காரரைக் காட்டிக்கொடுக்காத நாயகனைப் படைத்தவர், அதை வாழ்ந்தும் காட்டினார். இரு உலகப் போர்களிலும் பணியாற்றியவர் என்பதால் 1961-இல் ராணுவ வீரர்களுக்கான ஆர்லிங்டன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

● கதையை மிஞ்சிய நிஜம் இது. 1938 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் ஹாரி ரேமண்ட் என்ற தனியார் துப்பறிவாளர் காரைக் கிளப்பியதும் குண்டு வெடித்தது. நகர நிர்வாகத்தின் ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்தவர் அவர். உடம்பெல்லாம் சில்லுகள், ஆனால் உயிர் பிழைத்தார். குண்டு வைத்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் அதே நகரத்தின் போலீஸ் கேப்டன்! அந்த ஆண்டே மேயர் ஃபிராங்க் ஷாவை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சில மாதத்தில் 'தி பிக் ஸ்லீப்' வெளியானது. மார்லோ ஏன் போலீஸை நம்பவில்லை என்று அன்றைய வாசகர் எவரும் கேட்டிருக்கமாட்டார்.

ஊரும் தெருவும்

● 1920-இல் லாஸ் ஏஞ்சலஸின் மக்கள்தொகை சுமார் 5.76 லட்சம். 1930-இல் 12.38 லட்சம். பத்தே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்! அடுத்த வீட்டுக்காரர் நேற்றுவரை எங்கே இருந்தார், என்ன பெயரில் இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. பழைய பெயரைத் தொலைத்துவிட்டுப் புதுசாக வாழ வந்தவர்களின் ஊரில், பழைய கதையைத் தோண்டுபவருக்கு வேலை பஞ்சமில்லை.

● மார்லோ கதைகளில் வரும் ஊழல் ஊரான 'பே சிட்டி' வேறெதுவுமல்ல, சான்டா மோனிகாதான். கரைக்கு அப்பால் சூதாட்டக் கப்பல்கள் நிற்பதாக 1940-இல் வந்த 'ஃபேர்வெல், மை லவ்லி'யில் படிக்கிறோமே, அவையும் நிஜம். கரையிலிருந்து 3 மைல் தாண்டினால் மாநிலச் சட்டம் செல்லாது என்று டோனி கார்னீரோ என்பவர் 'ரெக்ஸ்' கப்பலை நிறுத்திச் சூதாட்டம் நடத்தினார். 1939-இல் அதை முற்றுகையிட்டு மூடவைத்த அரசு வழக்கறிஞர் எர்ல் வாரன், பின்னாளில் அமெரிக்காவின் தலைமை நீதிபதி.

● 1942-இல் வந்த 'தி ஹை விண்டோ'வில் பங்க்கர் ஹில் பகுதியைச் சாண்ட்லர் விரிவாக வர்ணிப்பார். ஒருகாலத்துப் பணக்கார வீடுகள் அறை அறையாக வாடகைக்குப் போன இடம். பின்னாளில் நகரச் சீரமைப்பு என்று சொல்லி அத்தனையையும் இடித்துவிட்டார்கள். 2003-இல் திறந்த வால்ட் டிஸ்னி இசையரங்கம் இப்போது அங்கே நிற்கிறது. பழைய பங்க்கர் ஹில்லைப் பார்க்கவேண்டும் என்றால் துப்பறியும் நாவலைத்தான் புரட்டவேண்டும்.

● சான் ஃபிரான்சிஸ்கோவில் பர்ரிட் தெரு முனையில் ஒரு வெண்கலப் பலகை உண்டு. துப்பறிவாளர் சாம் ஸ்பேடின் பங்காளி மைல்ஸ் ஆர்ச்சர் இந்த இடத்தில் கொல்லப்பட்டார் என்று, கொலையாளியின் பெயரோடு அறிவிக்கிறது. எல்லாரும் கற்பனைப் பாத்திரங்கள்! ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' நாவலைப் படிக்காதவர்கள் அந்தத் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போவது நல்லது. ஸ்பேட் ஆட்டுக்கறி சாப்பிட்ட ஜான்ஸ் கிரில் உணவகம் 1908-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. 1988-இல் ஒரு தெருவுக்கே ஹாமெட் பெயர் வைத்தார்கள்.

● ராஸ் மெக்டொனால்ட் தன் லூ ஆர்ச்சர் கதைகளில் சான்டா பார்பராவுக்கு 'சான்டா தெரேசா' என்று பெயர் மாற்றி வைத்தார். அவர்மேல் இருந்த மரியாதையால் சூ கிராஃப்டன் தன் நாயகி கின்ஸி மில்ஹோனையும் அதே கற்பனை ஊரில் குடிவைத்தார். 1982-இல் 'ஏ' எழுத்தில் தொடங்கி ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு நாவல். 2017-இல் 'ஒய்' வந்தது, அந்த ஆண்டு இறுதியில் அவர் மறைந்தார். எங்களைப் பொறுத்தவரை அகரவரிசை 'ஒய்'யோடு முடிகிறது என்று குடும்பத்தார் அறிவித்துவிட்டார்கள்.

● அதே 1982-இல் சாரா பரெட்ஸ்கி சிகாகோவில் பெண் துப்பறிவாளர் வி.ஐ. வார்ஷாவ்ஸ்கியை இறக்கினார். அதுவரை இந்த வகைக் கதைகளில் பெண் என்றால் பெரும்பாலும் மயக்குபவள் அல்லது பிணம். வார்ஷாவ்ஸ்கி காப்பீட்டு மோசடியையும் தொழிற்சங்க ஊழலையும் கணக்குப் புத்தகம் பார்த்துப் பிடிக்கிறவர், தேவைப்பட்டால் கையையும் நீட்டுவார். பெண் துப்பறியும் எழுத்தாளர்களுக்காக 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' அமைப்பு 1986-இல் உருவாகக் காரணமானவரும் பரெட்ஸ்கிதான்.

திரைக்குள்

● 'தி பிக் ஸ்லீப்' படமானபோது திரைக்கதைக் குழுவுக்கு ஒரு சந்தேகம். கதையில் கார் ஓட்டுநரைக் கொன்றது யார்? சாண்ட்லரைக் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்று பதில் வந்தது! படம் 1946-இல் வெளிவந்து வெற்றியும் பெற்றது. யார் கொன்றது என்ற கேள்விக்கு விடை இல்லாமலே ரசிகர்கள் கைதட்டினார்கள் என்றால், அவர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

● அந்தத் திரைக்கதையை எழுதிய மூவரில் ஒருவர் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபாக்னர். இன்னொருவர் லீ பிராக்கெட். அவருடைய துப்பறியும் நாவலைப் படித்து, ஆண் என்று நினைத்துக் கூப்பிட்டார் இயக்குநர் ஹாவர்ட் ஹாக்ஸ். உள்ளே வந்தது ஓர் இளம்பெண். அவரே 1973-இல் 'தி லாங் குட்பை' படத்துக்கும் எழுதினார். 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் இரண்டாம் படத்துக்கு முதல் வரைவு எழுதியதும் அவர்தான்.

● அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' (1961) சாமுராய் படம்தான். இரண்டு கும்பல்களை மோதவிடும் தனி ஆளின் கதை என்பதால், 'ரெட் ஹார்வெஸ்ட்' சாயல் இருப்பதாக விமர்சகர்கள் சொல்வார்கள். ஹாமெட்டின் 'தி கிளாஸ் கீ' படம்தான் தூண்டுதல் என்றார் குரோசவா. செர்ஜியோ லியோனி 'யோஜிம்போ'வை அனுமதி கேட்காமலே கௌபாய் படமாக எடுக்க, ஜப்பானியர்கள் வழக்குப் போட்டு உலக வசூலில் 15 சதவீதம் வாங்கினார்கள். ஹாமெட் பக்கம் ஒரு காசும் போகவில்லை.

● 'சைனாடவுன்' (1974) படத்தில் கள்ளத்தனமாகக் கைமாறுவது தண்ணீர்! ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயிகளின் தண்ணீரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கால்வாயில் லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுபோனது நிஜ வரலாறு, ஆண்டு 1913. திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன் நாயகி பிழைக்கவேண்டும் என்றார். கூடாது என்று பிடிவாதமாக நின்று முடிவை மாற்றினார் இயக்குநர் ரோமன் போலான்ஸ்கி. அந்த ஆண்டு டவுனுக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் கிடைத்தது.

கடல் கடந்த தெருக்கள்

● பாரிஸின் 20 வட்டங்களுக்கும் வட்டத்துக்கு ஒரு நாவல் என்று திட்டம் போட்டு, தன் துப்பறிவாளர் நெஸ்டர் பர்மாவை ஊர் சுற்றவைத்தார் லியோ மாலே. பதினைந்தோடு நின்றுபோனது.

● பார்சிலோனாவின் துப்பறிவாளர் பெப்பே கார்வாலோ நன்றாகச் சமைப்பவர். கணப்பு மூட்ட மட்டும் தன் அலமாரிப் புத்தகங்களை எடுத்து எரிப்பார்! படைத்த மனுவல் வாஸ்கெஸ் மொன்டல்பான் பெயரைத்தான், இத்தாலியின் ஆந்திரேயா கமிலேரி தன் இன்ஸ்பெக்டர் மொன்டல்பானோவுக்குச் சூட்டினார்.

● மெக்சிகோ நகரத்துத் துப்பறிவாளர் எக்தோர் பெலாஸ்கோரான் ஷைனுக்குத் தனி அலுவலக வாடகை கட்டுப்படியாகாது. ஒரு பிளம்பரோடும் மெத்தை தைப்பவரோடும் சாக்கடைப் பொறியாளரோடும் அறையைப் பங்குபோட்டுக்கொள்கிறார். எழுதியவர் பாகோ இக்னாசியோ தைபோ. 2004-இல் அவரும் சபாட்டிஸ்டா கிளர்ச்சியாளர் தலைவர் மார்கோஸும் அத்தியாயத்துக்கு ஒருவராக எழுதிய துப்பறியும் நாவல் 'லா ஹொர்னாடா' நாளிதழில் தொடராக வந்தது.

● ஃபிராங்க்ஃபர்ட்டின் துப்பறிவாளர் கெமால் கயங்கயா துருக்கிய வம்சாவளி, வளர்ந்தது ஜெர்மன் வீட்டில். துருக்கி மொழி ஒரு வார்த்தை தெரியாது. தோலின் நிறத்தைப் பார்த்து ஊர் அவரை அந்நியன் என்கிறது. 1985-இல் முதல் கயங்கயா நாவல் வெளிவந்தபோது அதை எழுதிய யாகோப் அர்யூனிக்கு இருபது வயதுதான் தாண்டியிருந்தது.

● 'தி லாங் குட்பை'யை 2007-இல் ஜப்பானிய மொழியில் புதிதாக மொழிபெயர்த்தவர் ஹாருகி முரகாமி. பிறகு சாண்ட்லரின் ஏழு நாவல்களையும் மொழிபெயர்த்து முடித்தார்.

● வங்கத்தின் பியோம்கேஷ் பக்ஷி 1932-இல் அறிமுகமானது கல்கத்தாவின் ஒரு வாடகை விடுதியில். சீனா பஜார் பக்கம் நடக்கும் கொகெய்ன் வியாபாரத்தைக் கண்டுபிடிக்க, வேறு பெயரில் வாடகைக்கு வந்து தங்குகிறார். ஹாமெட்டின் ஸ்பேட் புத்தகமாகி இரண்டே வருடம் ஆகியிருந்த சமயம், சரதிந்து பந்தோபாத்யாய் நம் நாட்டு நகரத்து இருட்டை இப்படி எழுதிவிட்டார்.

● இந்திய ரயில்வே புத்தகக் கடைகளில் பல தலைமுறை வாங்கிப் படித்த ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் அசல் லண்டன்காரர். அமெரிக்காவில் வாழ்ந்ததே இல்லை. வரைபடங்களையும் கொச்சைச் சொல் அகராதியையும் வைத்துக்கொண்டு அமெரிக்க நகரங்களை எழுதினார். 1939-இல் வந்த முதல் நாவலின் தனியார் துப்பறிவாளர் டேவ் ஃபென்னர் முன்னாள் நிருபர்.

● சிவகாசியின் முத்து காமிக்ஸில் ரகசிய ஏஜெண்ட் காரிகனைப் படித்திருக்கிறீர்களா? அந்தப் படக்கதை 1934-இல் 'எக்ஸ்-9' என்ற பெயரில் தொடங்கியபோது வசனம் எழுதியவர் சாட்சாத் ஹாமெட்! வரைந்தவர் அலெக்ஸ் ரேமண்ட். அவரே 1946-இல் உருவாக்கிய கண்ணாடிக்காரத் துப்பறிவாளர் ரிப் கிர்பியும் தமிழ்ச் சிறுவர்களுக்குப் பழக்கம்தான். 'தி மால்டீஸ் ஃபால்கன்' கேள்விப்படாதவர்கள்கூட ஹாமெட் தொடங்கிவைத்த நாயகனை எட்டணா ஒரு ரூபாய்க்குச் சந்தித்துவிட்டார்கள்.

● நம்மூர்க் கதைகளில் தனியார் துப்பறியும் நிறுவனம் என்றதும் நினைவுக்கு வருவது சுபாவின் 'ஈகிள்ஸ் ஐ'. நரேந்திரனும் வைஜயந்தியும் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள். நிஜத்தில் இந்தியத் தனியார் துப்பறிவாளருக்கென்று தனி உரிமச் சட்டம் கிடையாது. 2007-இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா அறிமுகமானது, சட்டமாகவில்லை.

● கடைசியாக ஒரு கணக்கு. 'தி மால்டீஸ் ஃபால்கன்' கதையில் ஒரு பறவைச் சிலைக்காகக் கொலைமேல் கொலை விழுகிறது. கடைசியில் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெறும் ஈயம், போலி. 1941-இல் ஹம்ஃப்ரி போகார்ட் நடித்த படத்துக்காகச் செய்த அந்தப் போலிச் சிலை 2013-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. போன விலை 40 லட்சம் டாலருக்கும் மேல். படம் எடுக்க ஆன மொத்தச் செலவே 4 லட்சம் டாலருக்குள்தான்! சாம் ஸ்பேடிடம் சொல்லியிருந்தால், ஏலம் எடுத்தவர் யார் என்று விசாரிக்க முதலில் முன்பணம் கேட்டிருப்பார்.